மூணுமுழி அண்ணாச்சி எடுத்த மாப்பிள்ளை போட்டோ

சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையில் குடியிருக்கிறவர்களில் பாதிப் பேரின் முகம் போட்டோவில் விழாமலே போனதற்கும், மீதிப் பேரின் முகம் தேவைக்கு மேல் விழுந்ததற்கும் ஒரே மனிதர்தான் காரணம். மூணுமுழி அண்ணாச்சி. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ரேஷன் கார்டில் பார்த்தவர்கள் இருக்கலாம். நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் லேபிள் டிசைனர். பட்டாசுப் பெட்டியின் மேல் ஒரு குழந்தை சிரிக்கும், பக்கத்தில் ஒரு புலி உறுமும், இரண்டுக்கும் நடுவில் தாமரைப்பூவிலிருந்து ராக்கெட் கிளம்பும். இந்த மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்துச் சொந்தக்காரர்கள் மாதிரி காட்டுவது என் பிழைப்பு. குழந்தையைப் படம் எடுத்துத் தருவது அண்ணாச்சியின் பிழைப்பு. புலியை நாங்களே எங்கிருந்தாவது பார்த்துக்கொள்வோம். என்னை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'லேபிளு' என்பார். அவருக்குப் பெயர் இல்லாததால் மற்றவர்களுக்கும் தேவையில்லை என்று நினைத்துவிட்டார் போல.

மூணுமுழி என்ற பெயருக்குக் காரணம் அவருடைய லென்ஸ். ஒரே லென்ஸுக்குள் மூன்று லென்ஸ். அதன் இடுப்பில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகினால் டக் என்று இருபத்தெட்டு மில்லிமீட்டரில் நிற்கும். அது ஊரையே வளைத்துப் பிடிக்கிற பார்வை. இன்னொரு டக், முப்பத்தைந்து. ஒரு குடும்பம் அடங்கும். மூன்றாவது டக், ஐம்பது. ஓர் ஆள், மார்பளவு. அதற்கு மேலும் கிடையாது, நடுவிலும் கிடையாது. விவரம் தெரியாதவர்கள் அதை ஜூம் லென்ஸ் என்று சொல்லிவிடுவார்கள். அண்ணாச்சி அன்று முழுக்கச் சாப்பிட மாட்டார். ஒரு தடவை எங்கள் அச்சக மேனேஜர் அன்பாகத்தான் கேட்டார், ஜூம் இருக்கிறதே, முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வைத்து எடுக்கக்கூடாதா என்று.

"நடுவுல எல்லாம் கெடையாது. நடுவுல வேணும்னா நடந்துதான் போவணும். சாமி காலு எதுக்குக் குடுத்திருக்காரு?" என்றார் அண்ணாச்சி.

அந்தக் காமிராவைப் பற்றி ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே மூலையில் ஒரு சின்னச் சன்னல் தனியாக இருக்கும். அதில் கண்ணை வைத்தால் வெள்ளைக் கோட்டில் ஒரு கட்டம் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருகும்போது உள்ளே ஒரு நாக்கு நகர்ந்து, அந்தக் கட்டம் பெரிதாகும் அல்லது சிறிதாகும். கட்டத்துக்குள் இருப்பது படத்தில் வரும், வெளியே இருப்பது வராது. லென்ஸ் ஒரு வழி, கண் ஒரு வழி. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்ற நம்பிக்கையில்தான் மொத்த வண்டியும் ஓடுகிறது. புருஷன் பெண்டாட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம்பிக்கை பொய்த்த சந்தர்ப்பங்களும் உண்டு. பட்டாசு முதலாளி ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போன அண்ணாச்சி, லென்ஸ் மூடியைக் கழற்றாமலே முப்பத்தாறு படம் எடுத்தார். சன்னல் வழியாகப் பார்த்தவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. லென்ஸுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. பிலிமைக் கழுவியபோது பால் காய்ச்சியதும் இல்லை, பசுமாடும் இல்லை. முதலாளி வீட்டில் கேட்டதற்கு, முகூர்த்த நேரம் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். வரும் வழியில் அந்த மூடியைக் கண்மாயில் எறிந்தார். அதன் பிறகு லென்ஸ் மூடியே இல்லாமல்தான் இருந்தது. அவர் மனைவி பழைய சேலைக் கிழிசலில் ஒரு குல்லா தைத்துக் கொடுத்தார்.

லென்ஸ் அவர் கைக்கு வந்த கதை சின்னதுதான். சிவகாசியில் ஓர் ஆப்செட் மிஷினை மாட்டித்தர வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் வந்திருந்தார். மிஷின் பூஜையைப் படம் எடுக்கப் போன அண்ணாச்சி, இன்ஜினியரின் கழுத்தில் அந்த லென்ஸைப் பார்த்தார். பூஜையை அப்படியே விட்டுவிட்டு இன்ஜினியரின் பின்னாலேயே போனார். அண்ணாச்சியிடம் அதே கம்பெனியின் கிழட்டுக் காமிரா ஒன்று ஏற்கெனவே இருந்தது. மூன்று வாரம் லாட்ஜ் வாசலிலேயே நின்றார். கடைசியில் மாமனார் வீட்டில் போட்ட மோட்டார் பைக்கை விற்று, அந்த லென்ஸை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு ஆயுசுக்கும் சைக்கிளில் போனார். இன்ஜினியருக்கு அன்பளிப்பாக ஒரு பெட்டி வாணவெடியும் கொடுத்தார். அதை ஏர்போர்ட்டில் என்ன செய்தார்களோ தெரியாது. இன்ஜினியர் மறுபடி இந்தப் பக்கம் வரவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊரில் பளபளவென்று டிஜிட்டல் காமிரா வைத்திருந்த ஸ்டுடியோக்காரர்களால் நுழைய முடியாத இடத்தில் எல்லாம் அண்ணாச்சி நுழைந்தார். பட்டாசுத் தொழிற்சாலை கேட்டில் செல்போன், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். பேட்டரி உள்ள எதுவும் கேட்டைத் தாண்டாது. பிளாஷ் என்ற பேச்சை எடுத்தால் வாட்ச்மேன் விசிலை எடுப்பார். அண்ணாச்சியின் காமிராவிலோ எல்லாம் வெறும் பல்சக்கரம். வெளிச்சத்தை அளக்க உள்ளங்கையை வானத்துக்குக் காட்டி முகத்தைச் சுளிப்பார், அம்புட்டுத்தான். அச்சங்குளம் கம்பெனியில் புதிதாக வந்த வாட்ச்மேன் ஒருமுறை அவரை நிறுத்தி, இதில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டார்.

"எனக்கே கெடையாது" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி உள்ளே போனார்.

அதே அச்சங்குளத்தில்தான் அவர் தொட்டிக்குள் விழுந்தது. ஆயுதபூஜைக்கு மொத்தக் கம்பெனியும் சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அந்த வருஷம் இருபத்தெட்டில் வைத்தும் ஓரத்தில் நாலு பேர் கட்டத்துக்கு வெளியே நின்றார்கள். நடுவிலேயே ஒன்றும் கிடையாது என்பவருக்கு இருபத்தெட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும்? கண்ணைச் சன்னலில் வைத்தபடியே பின்னால் நடந்தார். போர்மேன் கத்தினார், பெண்கள் கத்தினார்கள். சன்னலில் கண் இருக்கிறவருக்குக் காது கேட்பதில்லை. தீயணைக்கக் கட்டிவைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் முதுகுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தார். காமிரா பிடித்த கை மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றது. அடுத்து தலை வந்தது. தலை சொன்ன முதல் வார்த்தை, "எல்லாரும் அப்படியே இருங்க, இப்பத்தான் நாலு பேரும் உள்ள வந்திருக்கீக." தொட்டிக்குள் இருந்தே எடுத்தார். நூற்றுச்சொச்சம் பேரும் வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு கம்பெனி போட்டோ இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான்.

இவருடைய பெருமைகளில் எனக்குப் பிற்பாடு வினையாக முடிந்தது ஒன்று உண்டு. தான் எடுத்த படத்தை அண்ணாச்சி பார்க்கவே மாட்டார். கலர் லேப்பில் கழுவி, பிரிண்ட் போட்டு, கவரில் வைத்து ஒட்டிக் கொடுத்தால் அதைப் பிரிக்காமல் அப்படியே ஆளிடம் சேர்த்துவிடுவார். கேட்டால், எடுக்கும்போதே பார்த்தாகிவிட்டது, சோற்றைத் தின்ற பிறகு இலையை எண்ணிப் பார்க்கவா முடியும் என்பார். அந்த லென்ஸ் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. அதைப் பற்றி யாராவது அரை வார்த்தை குறைத்துச் சொன்னால் பேச்சையே நிறுத்திவிடுவார். இந்த ஒரு காரணத்துக்காகச் சொந்த மச்சானோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தார். மச்சான் சொன்னதெல்லாம், 'கொஞ்சம் கனமா இருக்கே' என்பதுதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஏழு இடத்தில் பெண் பார்த்து ஏழும் தட்டிப்போயிருந்தது. எனக்கும் பெரிதாக வருத்தமில்லை. எட்டாவதாக ஏழாயிரம்பண்ணையில் ஜெயாவைப் பார்க்கிறவரைக்கும்.

பெண் பார்க்கவெல்லாம் போகவில்லை. லேபிள் புரூஃப் காட்ட ஒரு கம்பெனிக்குப் போயிருந்தேன். பேக்கிங் செக்‌ஷனில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என் கையிலிருந்த லேபிளை எட்டிப் பார்த்தாள். "பெட்டிக்குள்ள பத்துத்தான் வைக்கோம். நீங்க படத்துல பன்னெண்டு போட்டிருக்கீக" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. மறுபடி பெட்டியை மடிக்கப் போய்விட்டாள். மேனேஜர், முதலாளி, முதலாளி மகன் என மூன்று பேர் கையெழுத்துப் போட்ட லேபிள் அது. ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவது என்று முடிவு செய்தேன். எதுக்கு என்று கேட்காதீர்கள். எனக்கே இன்று வரை சரியாகச் சொல்ல வரவில்லை.

கல்யாணத் தரகர் கந்தையாவைப் பிடித்தோம். அவர் போய்ப் பேசிவிட்டு வந்தார். ஜெயாவின் அப்பா தீப்பெட்டிக் கம்பெனியில் போர்மேன். கறாரான மனுஷர். முதலில் மாப்பிள்ளை போட்டோ வரட்டும், பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம், இல்லாவிட்டால் வேறு ஓர் இடம் தயாராக இருக்கிறது, வியாழக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றாராம். என் தலையெழுத்து முழுவதும் ஒரு போட்டோவில் வந்து நின்றது.

அதற்குப் பத்து நாள் முன்னால் இன்னொன்று நடந்திருந்தது. பட்டாசுக் கம்பெனிகளில் அலுமினியப் பவுடர் காற்றில் பறந்துகொண்டே இருக்கும். அது லென்ஸ் வளையத்துக்குள் போய்ப் பிடித்துக்கொண்டது. அந்த லென்ஸில் அடுத்தவன் கைபடுவதை அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். தானே பிரித்தார். வெள்ளை வேட்டியை விரித்து, சம்மணம் போட்டு, வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் இரவல் வாங்கிய திருப்புளியால் கழற்றினார். நாலாவது திருகாணியைக் கழற்றும்போது உள்ளேயிருந்து ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போனது. எள் அளவுதான் இருக்குமாம். மூன்று நாள் அந்த வீட்டில் வாரியல் எடுத்துக் கூட்டவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வெளியே போகும்போது வாசலில் நின்று பாதத்தைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பால்காரர் தட்டிக் காட்டினார். மச்சான் சமாதானம் பேச வந்த அன்று அவரையும் தட்டவைத்தார்கள். சமாதானம் நடக்கவில்லை.

ஸ்பிரிங் கிடைக்கவில்லை. நாலாம் நாள் அண்ணாச்சி அச்சகத்துக்கு வந்து, தண்ணீர்ப் பானை பக்கத்தில் லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பில் புக்கில் நம்பர் குத்துகிற நம்பரிங் மிஷினுக்குள் ரொம்பச் சின்னதாக ஸ்பிரிங் இருக்கும். மூலையில் கிடந்த ஓர் ஓட்டை மிஷினைப் பிரித்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் காட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். மறுநாள் காலை வந்து வளையத்தைத் திருகிக் காட்டினார். டக், டக், டக். "ஏலே லேபிளு, நீ நல்லா இருப்பே" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை காலை என்னைப் படம் எடுக்க ஏற்பாடானது. ஸ்டுடியோ வேண்டாம், பத்துமணி வெளிச்சம்தான் முகத்துக்கு நல்லது என்றார் அண்ணாச்சி. அச்சகத்தில் பத்துமணி வெளிச்சம் விழுகிற இடம் ஒன்றுதான். பின்பக்கம், கக்கூஸ் சுவர். ஆட்சேபித்தேன். ஐம்பதில் எடுக்கப்போகிறேன், மார்பளவுதான் வரும், உனக்கென்ன என்றார். சன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, என் தலைக்குப் பின்னால் கட்டத்துக்குள் தெரிகிற அளவுக்கு மட்டும் ஒரு நீல லேபிள் தாளைச் சுவரில் ஒட்டினார். ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சட்டையும் டையும் எங்கள் மார்க்கெட்டிங் ஆளிடம் இரவல். பேன்டும் தருகிறேன் என்றுதான் அவர் சொன்னார். அண்ணாச்சிதான் தடுத்தார், கட்டத்துக்குள் வராத பொருளுக்கு எதற்கு இரவல் என்று. நியாயமாகப் பட்டது. மிஷின் ஓடும் இடத்தில் எல்லாரையும் போலக் கைலியை மடித்துக் கட்டியிருந்தேன். அப்படியே நின்றேன். அம்மா சீப்போடும் திருநீற்றோடும் வந்திருந்தாள். இரண்டு பேர் ஆளுக்கொரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்து என் முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பினார்கள். அண்ணாச்சி கண்ணை வைத்தார், லென்ஸைத் திருகி முகத்தைத் தெளிவாக்கினார், எடுத்தார். கட்டத்துக்குள் ஒரு கலெக்டர் நிக்காருலே என்றார்.

மாலையில் கலர் லேப்பிலிருந்து பிரிண்ட் வந்தது. கவரைப் பிரிக்காமல் அண்ணாச்சி நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தரகர் கையில் கொடுத்தார். தரகர் அடுத்தவர் கவரைப் பிரிக்காத கண்ணியவான். வியாழக்கிழமை காலை அது ஜெயாவின் அப்பா கையில் போய்ச் சேர்ந்தது.

மதியம் தரகர் திரும்பி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கவரை என் மேஜையில் வைத்துவிட்டு, எங்களைக் கேலி பண்ண அனுப்பினீகளான்னு கேட்டுட்டாக என்றார். எடுத்துப் பார்த்தேன்.

படத்தில் எல்லாம் இருந்தது. நான் நடுவில், டையும் கண்ணியமான முகமுமாக இருந்தேன். டைக்குக் கீழே மடித்துக்கட்டிய கைலி. கைலிக்குக் கீழே இரண்டு முழங்கால். அதற்கும் கீழே வேறு வேறு ஜோடியைச் சேர்ந்த இரண்டு செருப்பு. தலைக்குப் பின்னால் தபால் தலை மாதிரி ஒரு நீலத் தாள். அதை ஒட்டிக் கக்கூஸ் கதவு, மேலே சிவப்புப் பெயின்டில் 'ஆண்கள்'. தெர்மாகோல் பிடித்த இரண்டு பேரில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அம்மா சீப்பை ஓங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தாள். ஓரத்தில் மார்க்கெட்டிங் ஆள் வெறும் பனியனோடு, கையை மார்பில் கட்டிக்கொண்டு, சட்டை எப்போது திரும்பும் என்று காத்து நின்றார். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அத்தனையும் கூர்மையாக விழுந்திருந்தன. லென்ஸைக் குறை சொல்ல முடியாது.

அன்று நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஏழு இடம் போனதற்கும் சேர்த்து அழுத மாதிரி இருந்தது. அம்மா மூணுமுழிக்கு இருக்கிற முழியெல்லாம் அவிய வேண்டும் என்று சபித்தாள். சாயங்காலம் படத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன்.  படத்தைத்தான் நீட்டினேன். தான் எடுத்த படத்தை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு லென்ஸை எடுத்து, வேட்டியை விரித்து, என் கண் முன்னாலேயே பிரித்தார். உள்ளே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி மூடினார்.

"போலே, போய்ச் சாப்பிட்டுத் தூங்கு" என்றார். 

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. தரகர் சொல்லித்தான் தெரியும். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அண்ணாச்சி தரகர் வீட்டுக் கதவைத் தட்டி, அவரை இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏழாயிரம்பண்ணைக்குப் போயிருக்கிறார். ஜெயாவின் அப்பா இவர்களை உட்காரக்கூடச் சொல்லவில்லையாம். அண்ணாச்சி அதையெல்லாம் கவனிக்கிற ஆளில்லை. முற்றத்தில் துண்டை விரித்து, லென்ஸோடு காமிராவை அதன் மேல் வைத்தார்.

"பையன் மேல ஒரு குத்தமும் இல்லீங்க. இந்த லென்ஸு கெட்டுப்போச்சு. எனக்கு ஒண்ணைக் காட்டிட்டு, அது ஒண்ணை எடுத்திருக்கு. நம்பிக்கை இல்லாத சாமான்" என்றார்.

இதைச் சொல்லும்போது தரகர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சாமானைக் கனமாக இருக்கிறது என்று சொன்னதற்காக மச்சானையே தள்ளிவைத்த மனுஷர் அவர். முன்பின் தெரியாத வீட்டு முற்றத்தில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி அதைக் கெட்டுப்போனது என்றார்.

போர்மேனுக்கு மிஷின் என்றால் கை சும்மா இருக்காது. காமிராவை வாங்கிச் சன்னலில் கண்ணை வைத்து வளையத்தைத் திருகினார். வளையம் வழவழவென்று சுற்றியது. கட்டமோ ஐம்பதிலேயே அசையாமல் நின்றது. லென்ஸ் தானாக வழுக்கி இருபத்தெட்டுக்குப் போனது கட்டத்துக்குத் தெரியவில்லை. போர்மேனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. யார் இதைப் பிரித்தது என்று கேட்டார். "நாந்தாங்க. என் கைப்புத்தி" என்றார் அண்ணாச்சி.

அப்போது உள்ளேயிருந்து ஜெயா தன் அம்மாவிடம் கேட்கிற மாதிரி கேட்டாளாம்.

"அந்தக் கைலியும் எரவலா?"

வேறு யாராக இருந்தாலும் சமாளித்திருப்பார்கள். நல்ல பேன்ட் இருக்கிறது, சட்டை அவருடையதுதான், பனியனில் நிற்கிறவர் சித்தப்பா என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். தரகர் வாயைத் திறக்கப் பார்த்திருக்கிறார். அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"இல்லத்தா. சட்டையும் டையும்தான் எரவல். கைலி அவனோட சொந்தம். செருப்பு ரெண்டும்கூடச் சொந்தந்தான், ஜோடிதான் வேற."

 உள்ளே யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போன சத்தம் கேட்டது. போர்மேன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அண்ணாச்சியைப் பார்த்து உட்காருங்க என்றார். காப்பி வந்தது.

நிச்சயம் முடிந்த பிறகு, அண்ணாச்சி தம் கொள்கையை விட்டு, லென்ஸை எங்கள் அச்சகத்துக்கு வருகிற மெக்கானிக்கிடம் காட்டினார். பக்கத்தில் நானும் நின்றேன். மெக்கானிக் பிரித்து, இடுக்கியால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் போட்டார். "இது நம்பரிங் மிஷின் ஸ்பிரிங் ஆச்சே. வளையத்தைப் புடிக்க வேண்டிய எடத்துல இதைப் போய் வச்சா? நாலு நாள் நிக்கும், அஞ்சாம் நாள் தளந்துரும். எந்தக் கூறுகெட்டவன் வேலை இது?"

"நாந்தான்" என்றார் அண்ணாச்சி. என் பக்கம் திரும்பவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் லென்ஸைப் பிரித்துவிட்டு என்னை ஏன் அப்படி நிமிர்ந்து பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வந்ததும் கேட்டேன், ஸ்பிரிங் நான் கொடுத்தது என்று ஏழாயிரம்பண்ணையில் சொல்லியிருக்கலாமே, லென்ஸ் பேராவது தப்பியிருக்குமே என்று. அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்.

"பொண்ணு கேக்கப் போன எடத்துல, மாப்பிள்ளைக்கு மெக்கானிக் வேலை தெரியாதுன்னு யாராச்சும் சொல்லுவாகளாலே?" என்றார். ஏறிப் போய்விட்டார்.

கல்யாணப் பத்திரிகையை எங்கள் அச்சகத்திலேயே அடித்தோம். நானே டிசைன் செய்தேன். தாத்தா பாட்டி, பெரியப்பா, சித்தப்பா என்று எல்லா வரிசையும் நிரம்பிவிட்டது. தாய்மாமன் என்ற இடம் மட்டும் காலியாக நின்றது. அம்மாவோடு பிறந்தது எல்லாம் பெண்கள். ஒன்றுவிட்ட மாமன்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் பெயரைப் போட்டால் மற்றவர் வரமாட்டார். இரண்டு நாள் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போய், உங்கள் பெயர் என்ன என்று கேட்டேன். எதுக்கு என்றார். சொன்னேன். அவர் லென்ஸை எடுத்துச் சேலைக் குல்லாவைக் கழற்றி, ஒரு தூசியும் இல்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், ஊரு கூப்பிடுறதையே போடு, வேற பேரைப் போட்டா யாருன்னு தெரியாது என்றார். 

அப்படியே போட்டேன். தாய்மாமன், மூணுமுழி அண்ணாச்சி.

புரூஃபை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஓர் எட்டுத் தள்ளியே நின்றேன். முழியெல்லாம் அவியட்டும் என்று சபித்தவள் அல்லவா. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலேயிருந்து கீழே வரை விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். அந்த இடத்தில் விரல் நின்றது.

"இந்தப் பேரை மட்டும் இன்னுங் கொஞ்சம் பெருசாப் போடு ராசா" என்றாள்.